சிட்னி பாரில் வேலைக்குச் சேர்கிறீர்களா? மது பரிமாறும் சட்டமும், 'போதும்' சொல்லும் முறையும்

நம் ஊர் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவர், இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். 'போதும்' என்று சொல்லும் உரிமை சாப்பிடுகிறவருக்கே முழுதாகக் கிடையாது. அந்த வளர்ப்போடு சிட்னிக்குப் படிக்க வந்து, ஒரு கிளப்பின் பாரில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது வாரம், ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு "எந்த ஊரு தம்பி?" என்றார். விருதுநகர் என்றேன். அவருக்கு சாத்தூர். அப்புறம் என்ன, ஊர்க்கதைதான். ஐந்தாவது டபுள் விஸ்கியை அவர் பக்கம் நகர்த்தியபோது சூப்பர்வைசர் பின்னாலிருந்து வந்து கிளாஸை எடுத்து சிங்க்கில் கொட்டினார். "அவர் பர்ஸை எத்தனை தடவை கீழே போட்டார், பார்த்தாயா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

இந்த வேலையில் 'போதும்' சொல்ல வேண்டியவர் ஊற்றுகிறவர். அதைச் சட்டம் நம் தலையில் வைத்திருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை, இங்கே புதிதாக வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு, அதாவது 2007-ஆம் ஆண்டின் மதுச் சட்டத்துக்குப் பொருந்தும். மெல்போர்ன், பிரிஸ்பேன் போகிறவர்கள் அந்தந்த மாநில விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஒன்றுதான், விவரங்கள் மாறும்.

முதலில் கார்டு

ஆர்எஸ்ஏ என்று எல்லோரும் சொல்வது, பொறுப்போடு மது பரிமாறுவதற்கான பயிற்சியை. பாரில் ஊற்றுகிறவர் மட்டும் இல்லை, ரெஸ்டாரண்டில் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுபோகிறவர், பாட்டில் கடையில் பில் போடுகிறவர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எல்லோருக்கும் அது வேண்டும். "நான் சாப்பாடு மட்டும்தான் பரிமாறுவேன்" என்று சேர்ந்து, கூட்டம் அதிகமான சனிக்கிழமை ராத்திரி இரண்டு பியரைத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு பியருக்கும் கார்டு வேண்டும்.

மாநில அரசின் மதுத் துறை அங்கீகரித்த நிறுவனத்தில்தான் பயிற்சி எடுக்க வேண்டும். பதிவு செய்யும்போது மாணவருக்கான யூஎஸ்ஐ எண் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்தவுடன் கொடுப்பது தற்காலிகச் சான்றிதழ், 90 நாள்தான் செல்லும். அதற்குள் அடையாள ஆவணங்களோடு மாநில அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் என்எஸ்டபிள்யூ மூலம் கார்டு வாங்கிவிட வேண்டும். கார்டு 5 ஆண்டுகளுக்கு. வேலை நேரத்தில் அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டால் "ரூமில் இருக்கிறது சார்" என்பது பதில் ஆகாது.

அளவு தெரியாமல் கணக்கு இல்லை

ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்றால் 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். பியரோ ஒயினோ விஸ்கியோ, எல்லாவற்றையும் அளக்கும் படி அதுதான். கணக்கு சுலபம்: லிட்டரில் அளவு, பெருக்கல் சதவீதம், பெருக்கல் 0.789.

இங்கே பியர் வரும் கிளாஸ்களில் சிறியது மிடி, 285 மில்லி. 4.8 சதவீத பியர் என்றால் அது ஏறக்குறைய 1.1. அடுத்தது ஸ்கூனர், 425 மில்லி, அது 1.6. முழு பைன்ட் 570 மில்லி, 2.2 வரும். 30 மில்லி விஸ்கி கிட்டத்தட்ட ஒன்று. ஒயினில்தான் ஆட்கள் ஏமாறுவார்கள். ரெஸ்டாரண்டில் ஊற்றும் 150 மில்லி கிளாஸ், 13.5 சதவீத ஒயின் என்றால், 1.6. ஒரு முழு பாட்டிலில் எட்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு பாட்டில் வாங்கினால் ஆளுக்கு நாலு என்று மனசுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு ஒப்பீடு. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதே கணக்கைப் போட்டால் ஆறு ஸ்டாண்டர்ட் டிரிங்க்! "ஒரு குவார்ட்டர் எனக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். நீங்கள் சிரிக்காமல் எண்ணிக்கொண்டிருங்கள். 2020-இல் வந்த ஆஸ்திரேலிய மருத்துவ வழிகாட்டுதலோ, வாரத்துக்கே பத்துக்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் நாலுக்கு மேல் வேண்டாம் என்கிறது.

ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்கைத்தான் கழிக்கும். காபி, குளிர்ந்த தண்ணீர்க் குளியல், வாந்தி, எலுமிச்சை, மோர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தண்ணீரும் சாப்பாடும் குடிக்கும் வேகத்தைக் குறைக்கும், ஏறியதை இறக்காது. கடைசி கிளாஸை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இப்போது 'பரவாயில்லை' என்று தெரிகிறவர் அரை மணி கழித்து அப்படி இருக்க மாட்டார்.

அதனால்தான் ஜிக்கர் என்னும் அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றக் கூடாது. தெரிந்த முகம் என்று கொஞ்சம் கூட ஊற்றுவது அன்பு இல்லை; அவர் கணக்கையும் உங்கள் கணக்கையும் சேர்த்துக் கெடுப்பது.

வயது

இங்கே 18. தமிழ்நாட்டில் 21 என்பதால் நம் கண்ணுக்குப் பழகிய அளவுகோல் வேறு, அதை நம்பாதீர்கள். இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிற யாராக இருந்தாலும் அடையாள அட்டை கேளுங்கள். கேட்டதற்காக யாரும் தண்டனை கொடுத்ததில்லை. கேட்காமல் 18 வயது ஆகாதவருக்கு விற்றால் 11,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எந்த அட்டை செல்லும்? ஓட்டுநர் உரிமம் (வெளிநாட்டு உரிமமும் ஆகும்), பாஸ்போர்ட், மாநில அரசின் போட்டோ கார்டு, அஞ்சல் துறையின் கீபாஸ். பல்கலைக்கழக அட்டை செல்லாது. படத்தில் காதையும் மூக்கையும் பாருங்கள், முடியைப் பார்க்காதீர்கள்; முடி மாறும். சந்தேகம் வந்தால் ராசி கேளுங்கள், அல்லது எந்த வருடம் பள்ளி முடித்தீர்கள் என்று கேளுங்கள். அண்ணன் உரிமத்தைக் கொண்டுவந்தவன் பிறந்த தேதியை மனப்பாடம் செய்திருப்பான், அண்ணனின் ராசியைச் செய்திருக்க மாட்டான்.

இந்த மாநிலத்தில் 2019 முதல் போனிலேயே உரிமம் இருக்கிறது. அதை ஆப்பில் திறந்து, உங்கள் கண் முன்னால் புதுப்பித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, குடும்ப விருந்துகளில் வரும் சிக்கல். அப்பா தன் பதினேழு வயது மகனுக்கு ஒரு வாய் ஒயின் கொடுக்கிறார். "என் பையன், என் பொறுப்பு" என்பார். வீட்டில் பெற்றோருக்கு இருக்கும் இடம் உரிமம் பெற்ற இடத்துக்குள் கிடையாது. யார் கொடுத்தாலும் குற்றம்தான். மரியாதையாக, ஆனால் உடனே, அந்த கிளாஸை எடுத்துவிடுங்கள்.

உண்மையான வேலை முதல் ஒரு மணி நேரத்தில்

பயிற்சி வகுப்பில் மறுப்பது எப்படி என்று நிறையச் சொல்லிக்கொடுப்பார்கள். என் அனுபவத்தில், மறுக்க வேண்டிய நிலை வந்தாலே நாம் பாதி தோற்றுவிட்டோம். நல்ல பார்க்காரர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார், வந்தவருக்கே அது தெரியாது.

முதலில் தண்ணீர். மது பரிமாறும் நேரம் முழுவதும் இலவசக் குடிநீர் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். ஆனால் எங்கோ மூலையில் ஜாடி இருப்பதும், நீங்களே கேட்காமல் ஒரு கிளாஸ் கொண்டுபோய் வைப்பதும் ஒன்றல்ல. சாப்பாட்டு மெனுவும் அப்படித்தான்: "ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் வேண்டாம் என்பார்கள். "சிப்ஸ் இப்போதுதான் சூடாக வந்திருக்கிறது, ஒன்று போடவா?" என்றால் முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள். பந்தி பரிமாறிய கை இங்கேதான் உதவும்.

அப்புறம் ஷவுட். ஆளாளுக்கு ஒரு சுற்று வாங்கிக் கொடுக்கும் ஆஸ்திரேலியப் பழக்கம் அது. பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் ஆறு பேர் சேர்ந்தால் ஆறு சுற்று, அதுவும் கூட்டத்திலேயே வேகமாகக் குடிக்கிறவரின் வேகத்தில். மெதுவாகக் குடிக்கிறவர் முன்னால் இரண்டு நிறைந்த கிளாஸ் நிற்கும். அதைப் பார்த்தால் அடுத்த சுற்றில் "அவருக்கு இன்னும் இருக்கிறதே, ஐந்து போதுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே நன்றியோடு பார்ப்பார். குறைந்த ஆல்கஹால் பியர், ஆல்கஹால் இல்லாத பியர் இரண்டும் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே ஆள் வேறு வேறு பணியாளரிடம் மாறி மாறி வாங்கும்போது கணக்கு யாரிடமும் இருக்காது. எங்கள் பாரில் ஒரு எளிய பழக்கம் உண்டு: பக்கத்தில் நிற்பவரைக் கடக்கும்போது "நீலச் சட்டை, நாலு" என்று சொல்லிவிட்டுப் போவோம். ஷிப்ட் மாறும்போது புதிதாக வருகிறவருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்போம். பணத்தைக் கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் அளவில்லாமல் குடிக்கும் 'பாட்டம்லெஸ் பிரஞ்ச்' நாள்களில் இது உயிர்காக்கும். அந்த மாதிரி நாள்களை என்னைக் கேட்டால் எடுத்தே விடலாம், கேட்க மாட்டார்கள்.

நேரம் நெருக்கினால் மனிதன் எப்படிக் குடிப்பான் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய பாடம் உண்டு. 1916 முதல் 1955 வரை நியூ சவுத் வேல்ஸ் பார்களை மாலை ஆறு மணிக்கே மூட வேண்டும் என்று சட்டம். குடி குறையும் என்று நினைத்தார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்து, ஆறுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே தள்ளினார்கள். 2014-இல் வேறு மாதிரி முயன்றார்கள்: சிட்னியின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கிங்ஸ் கிராஸில் நடந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு, நகர மையத்தில் இரவு 1.30-க்கு மேல் புதியவர்களை உள்ளே விடக் கூடாது, 3 மணிக்கு மது நிறுத்தம் என்று வைத்தார்கள். அது சரியா தவறா என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. 2020-இலும் 2021-இலும் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். கதவுக்கு விதி போடுவது அரசின் வேலை. கிளாஸின் வேகம் உங்கள் கையில். கடைசி ஆர்டர் நேரத்தில் ஒரே ஆளுக்கு மூன்று ஷாட் ஊற்றாதீர்கள்.

போதையை அடையாளம் காண்பது

சட்டத்தின் விளக்கத்துக்கு இரண்டு பாதி. ஒருவரின் பேச்சு, சமநிலை, உடல் ஒருங்கிணைப்பு, நடத்தை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் மாற்றம் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அந்த மாற்றத்துக்குக் காரணம் மதுதான் என்று அந்தச் சூழ்நிலையில் நம்புவது நியாயமாக இருக்க வேண்டும். மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி தேவையில்லை. எத்தனை கிளாஸ் குடித்தார் என்பதுகூட முடிவான அளவுகோல் இல்லை. ஏழு குடித்தும் நிதானமாக இருப்பவர் உண்டு, வெளியே குடித்துவிட்டு உங்களிடம் முதல் கிளாஸ் கேட்க வருகிறவரும் உண்டு.

எதைப் பார்ப்பது? சில்லறையை எண்ண முடியாமல் திணறுவது. கார்டை இயந்திரத்தில் தவறான பக்கம் காட்டுவது. சொன்னதையே மறுபடி சொல்வது. குரல் ஏறுவது. நாற்காலியில் உட்காரும் முன் அதைக் கையால் பிடித்துச் சரிபார்ப்பது. பக்கத்து மேசையில் அறிமுகமில்லாதவரிடம் போய்ப் பேசுவது. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் கவனிக்க வேண்டிய நேரம்.

இரண்டாம் பாதியை மறந்தால் பெரிய அநியாயம் நடந்துவிடும். பக்கவாதத்தால் பேச்சு குழறுகிறவர், நடையில் குறைபாடு உள்ளவர், சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துத் தடுமாறும் நீரிழிவு நோயாளி: மூவருமே தூரத்திலிருந்து பார்த்தால் குடித்தவர் மாதிரி தெரியலாம். கிட்டே போங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள், கூட வந்தவரைக் கேளுங்கள். சர்க்கரை இறங்கியவரை 'போதை' என்று வெளியே அனுப்பினால் அவர் உயிருக்கே ஆபத்து. அதேபோல் கர்ப்பிணி என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கவும் முடியாது, அது பாகுபாடு. உங்கள் மனசு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், எனக்கும் முதல் தடவை ஒத்துக்கொள்ளவில்லை.

மறுப்பது

போதையில் இருப்பவருக்கு ஊற்றினால் 73-ஆம் பிரிவின்படி உரிமம் வைத்திருப்பவருக்கும் ஊற்றிய பணியாளருக்கும் தனித்தனியாக 11,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். "மேனேஜர் ஊற்றச் சொன்னார்" என்பது உங்கள் பங்கைக் கழித்துவிடாது. கார்டையும் இழக்கலாம்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் சூப்பர்வைசரிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள், தனியாகப் போக வேண்டாம். அவரை நண்பர்கள் முன்னால் நிறுத்தாமல் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிடுங்கள். 'நீங்கள் குடித்திருக்கிறீர்கள்' என்று ஆரம்பித்தால் சண்டைதான், யாரும் அதை ஒத்துக்கொண்டதாக வரலாறு இல்லை. சட்டத்தின் மேல் பழியைப் போடுங்கள்: "இன்றைக்கு இதற்கு மேல் என்னால் ஊற்ற முடியாது, ஊற்றினால் என் கார்டு போய்விடும். தண்ணீர் கொண்டுவரட்டுமா?" குரலை ஏற்றாதீர்கள். ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டால் முடியாதுதான். கெஞ்சினார் என்று 'கடைசியாக ஒன்று' கொடுத்தால் அடுத்த வாரமும் அதே கெஞ்சல் வரும். உடனே மற்ற பணியாளர் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் கவுண்ட்டரின் மறுமுனைக்குப் போய் வாங்கிக்கொள்வார்.

நண்பர் வந்து "எனக்குத்தான், ரெண்டு ஸ்கூனர்" என்பார். இரண்டாவது யாருக்கு என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒன்று மட்டும் ஊற்றுங்கள்.

நம் ஆட்களிடம் மறுப்பது தனிக் கலை. வெள்ளைக்காரர் கோபப்பட்டால் வேலை என்று விட்டுவிடலாம். சாத்தூர்க்காரர் "நம்ம ஊர்ப் பையனே இப்படிச் சொல்றியா?" என்றால் நெஞ்சில் தைக்கும். அங்கே தமிழிலேயே பேசுவதுதான் எனக்குப் பலித்தது. "அண்ணா, நீங்க வீட்டுக்குப் பத்திரமா போகணும். என் வேலையும் இருக்கணும். ரெண்டையும் நீங்கதான் பாத்துக்கணும்" என்பேன். 'தம்பி' என்று அவர் எடுத்துக்கொண்ட உறவையே திருப்பி அவரிடம் கொடுப்பது. பத்தில் எட்டு பேர் தணிந்துவிடுவார்கள். மீதி இரண்டு பேருக்குத்தான் செக்யூரிட்டி.

வெளியே அனுப்புவது

ஊற்ற மறுத்தால் மட்டும் வேலை முடியாது. போதையில் இருப்பவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தால், நிர்வாகம் அதை அனுமதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவரை வெளியேறச் சொன்னோம், போகாதபோது போலீஸைக் கூப்பிட்டோம் அல்லது கூப்பிட முயன்றோம், தெரிந்த பிறகு ஒரு சொட்டும் கொடுக்கவில்லை என்பதைக் காட்ட முடிய வேண்டும்.

வெளியேற்றப்பட்டவர் வாசலிலேயே நிற்கக் கூடாது. 50 மீட்டருக்கு அப்பால் போய்விட வேண்டும். 6 மணி நேரத்துக்கு அந்தச் சுற்றுவட்டத்துக்குத் திரும்பக் கூடாது, 24 மணி நேரத்துக்கு அந்த இடத்துக்குள் வரக் கூடாது. போக மறுத்தால் அவருக்கு 5,500 டாலர் வரை அபராதம். இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

அவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்று பார்ப்பதும் நம் வேலைதான். கார் சாவி கையில் இருந்தால் டாக்சி கூப்பிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கேட்காமல் ஓட்டிக்கொண்டு கிளம்பினால் கார் எண்ணைக் குறித்துப் போலீஸுக்குச் சொல்லுங்கள். வண்டி ஓட்ட, முழு உரிமம் உள்ளவருக்கே ரத்த ஆல்கஹால் அளவில் 0.05-தான் எல்லை. டாக்சி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு 0.02. பயிற்சி உரிமமும் தற்காலிக உரிமமும் வைத்திருப்பவர்களுக்குப் பூஜ்யம். தனியாக வந்த பெண் என்றால் வண்டி வரும்வரை உள்ளே வெளிச்சத்தில் உட்கார வைத்து, யார் கூட அனுப்புகிறோம் என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். "நான் அவங்க ஃப்ரெண்டு" என்று திடீரென்று ஒருவர் வந்தால் அவள் பெயரைக் கேளுங்கள்.

எழுதி வையுங்கள்

ராத்திரி இரண்டு மணிக்குக் கால் வலியோடு பதிவேட்டைத் திறக்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் ஆறு மாதம் கழித்து யாராவது கேள்வி கேட்டால் உங்களுக்குத் துணை நிற்பது அந்த நாலு வரிதான். மறுத்தது, வெளியேற்றியது, சண்டை, காயம் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். நேரம், ஆளின் தோற்றம், யார் பேசினார்கள், அவர் என்ன செய்தார், எப்படிக் கிளம்பினார். 'குடிபோதையில் இருந்தார்' என்று எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. 'பர்ஸை மூன்று முறை கீழே போட்டார், 10.40-க்குக் கேட்ட டபுளை மறுத்தோம், 11.05-க்கு மருமகன் வந்து காரில் அழைத்துப் போனார்' என்று எழுதுங்கள். சாத்தூர்க்காரரைப் பற்றி அன்று எங்கள் சூப்பர்வைசர் எழுதியது இதுதான். மூன்று முறை என்பதே எனக்கு அதைப் படித்துத்தான் தெரிந்தது.